பத்திரம் வீட்டுக்கு வரும்வரை

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில். மாடி போர்ஷன் சாவி அரை மணி நேரத் தேடலுக்குப் பிறகு கிடைத்தது. பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தேன். ஒரு அறை, சமையலறை, குளியலறை. எதிலும் கால் வைக்க இடமில்லை.

இருப்பவை:
பிளாஸ்டிக் நாற்காலி 140. உடைந்தது எட்டு.
மடக்கு மேசை 22.
ஷாமியானா துணி ஐந்து. மூன்று எலிக்குப் போனது.
ஸ்பீக்கர் பெட்டி 4.
பாப்கார்ன் மெஷின் 1.
தெர்மாகோல் ஆங்கில எழுத்துகள் ஒரு மூட்டை. ‘எஸ்’ மட்டும் பதினொன்று.
மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் ராஜா நாற்காலி 2. சிவப்பு வெல்வெட், கைப்பிடியில் சிங்கத் தலை.

எல்லாம் என் கணவர் ஸ்டீபன் நடத்திய வாடகை சாமான் கடையின் மிச்சம். எட்டு வருடத்துக்கு முன்பு வீட்டுக் கடனின் மேலேயே எட்டு லட்சம் டாப்-அப் வாங்கி ஆரம்பித்தது. கொரோனாவோடு கடை மூடியது. சாமான் மாடிக்கு வந்தது. கடன் அதே இடத்தில் நின்றது. ஆறு வருடமாக இந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. மாதாமாதம் ஐந்தாம் தேதி இவற்றுக்கும் சேர்த்துத்தான் 23,400 போகிறது.

பாக்கி ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

இன்று ஏன் திறந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். நேற்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: உங்களுக்கு ஆறு லட்சம் டாப்-அப் தயார். ஸ்டீபன் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அதை எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய நண்பர் ரவி கார் வாட்டர் வாஷ் கடை போடுகிறார், பார்ட்னர் தேடுகிறார். போன முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. போன முறை நானும்தான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

இந்த முறை அதற்கு முன்பே கடனை முடித்துப் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கல்லூரியில் இரண்டு வகுப்பு, ஒரு இன்விஜிலேஷன். ஆட்டோ வேண்டாமென்று பஸ். ஆதாரைக் காட்டினால் பெண்களுக்கு இலவசச் சீட்டு. இத்தனை நாள் கௌரவம் பார்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

நிறுத்தியவை: இரண்டு ஓ.டி.டி., சனிக்கிழமை வெளிச் சாப்பாடு, இரண்டாவது பால் பாக்கெட்.
நிறுத்தாதவை: காபிப் பொடி. ஸ்டீபனின் பி.பி. மாத்திரை.

தவக்காலம் என்பதால் மீனும் கறியும் கிடையாது. ஸ்டீபன் தட்டைப் பார்த்து, “இந்த நாப்பது நாள் கர்த்தருக்கா, பேங்க்குக்கா?” என்றார். ரெண்டுக்கும்தான் என்றேன். சிரித்தார். அவரோடு சண்டை போடுவது கடினம். அதுதான் எப்போதும் பிரச்சினை.

பிப்ரவரி 27, வெள்ளி

சாமான் வாங்க ஒருவர் வந்தார், கம்மனஹள்ளிப் பக்கம் ஷாமியானா கடை. நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கலர் போயிடுச்சு மேடம். நூத்தி இருபது.”

“நூத்தி அறுபது. உக்காருற இடத்துல யாரும் கலர் பாக்க மாட்டாங்க.”

நூற்று நாற்பதில் நின்றது. நல்ல நாற்காலி மொத்தமும், மேசை பத்தும் எடுத்துக்கொண்டார். டெம்போவில் ஏற்றும்போது ஸ்டீபன் பள்ளியிலிருந்து வந்துவிட்டார். (பள்ளி வேன்களின் கணக்கு வழக்கு அவர் பொறுப்பு.) கேட்டருகே நின்று பார்த்தார். பிறகு மாடிக்குப் போய் ராஜா நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

“இது ரெண்டும் இருக்கட்டும் ஹெலன். அனு கல்யாணத்துக்கு ஆகும்.”

மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். போன வருடமே பதிவுத் திருமணம்தான் என்று சொல்லிவிட்டாள். அவருக்கும் தெரியும்.

சபைச் செயலாளர் போன்: மிச்சமுள்ள மேசைகளை ஊழியத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கலாமே. பாதி விலை என்றேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறாராம்.

மார்ச் 1, ஞாயிறு

மாடி பாதி காலி. கீழே கிடந்த ரெட் ஆக்சைடு தரை இவ்வளவு நன்றாக இருந்தது மறந்தே போயிருந்தது.

காலியான அறையைப் பார்த்ததும் ஸ்டீபனுக்கு யோசனை. “லீஸுக்கு விட்டுடலாம். ஒரே அடியா கடன் க்ளோஸ்.”

லீஸ் என்பது இந்த ஊர் வழக்கம். ஏழெட்டு லட்சம் மொத்தமாக வாங்கிக்கொள்வது, மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருக்கவிடுவது, போகும்போது அதே தொகையைத் திருப்பிக் கொடுப்பது. எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். திருப்பிக் கொடுக்கிற பணம் எங்கிருந்து வரும் என்றால் எல்லோருக்கும் ஒரே பதில்: அடுத்து வருகிறவரிடமிருந்து.

கணக்குப் போட்டேன். வாடகைக்கு விட்டால் மாதம் ஒன்பதாயிரம். அதையும் சேர்த்துக் கட்டினால் இரண்டு வருடத்தில் கடன் தீரும். லீஸ் என்றால் மூன்று வருடத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் வாடகை போச்சு, வட்டியில் மிச்சம் ஒரு லட்சம். சந்தேகமில்லாத நஷ்டம். இதற்குப் புள்ளியியல் எம்.எஸ்ஸி. வேண்டாம், எட்டாம் வகுப்பு போதும்.

ஆனால் இரண்டு வருடம் என்பது அந்தக் குறுஞ்செய்தி இன்னும் இருபத்து நான்கு முறை வரும் காலம். வாடகை வருகிறது என்றால் வங்கி இன்னும் கொஞ்சம் கூட்டித் தரும். நான் இருபத்து நான்கு முறை வேண்டாமென்று சொல்வேனா? ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

ஆகவே லீஸ். பத்திரம் இப்போதே வர வேண்டும், அதற்கு இது விலை. லீஸ் பணத்தைக் கடனில் கட்டியபின் 23,400ஐ மாதாமாதம் அப்படியே ஒதுக்கினால் முப்பது மாதத்தில் ஏழு லட்சம். அடுத்து வருகிறவரை நம்ப வேண்டியதில்லை. எங்களைத்தான் நம்ப வேண்டும். அது எளிதா என்று தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

மாலையில் செல்வி என்பவர் வந்தார். கல்லூரியில் கூட்டுகிற அம்மா சொல்லி அனுப்பியது. ஆஸ்பத்திரியில் ஆயாக்களுக்கு சூப்பர்வைசர், வயது நாற்பத்தைந்து இருக்கும், பி.யூ.சி. படிக்கும் மகள் ஒருத்தி. இப்போது இருவரும் ஒக்கலிபுரத்தில் அக்கா வீட்டு ஹாலில். கையில் ஏழு லட்சம்.

அறையைப் பார்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்றபடியே முதல் கேள்வி:

“வூட்டு மேல லோன் எதுனா கீதா, மேடம்?”

இருக்கு என்றேன். உங்கள் பணத்தில் அதைத்தான் முடிக்கப் போகிறோம் என்றும் சொன்னேன்.

“பத்திரம் காட்டுவீங்களா?”

“பத்திரம் பேங்க்ல இருக்கு. லோன் முடிஞ்சாதான் தருவாங்க.”

“லோன் முடிய என் துட்டு வேணும். என் துட்டு வர பத்திரம் வேணும்.” சிரித்தார். “நீலசந்திராவுல இருந்தப்ப அஞ்சு லட்சம் குடுத்து லீஸுக்குப் போனேன் மேடம். ஓனர் லோன் கட்டல. ஒருநாள் டூட்டி முடிஞ்சு வந்தா கதவுல பேங்க் நோட்டீஸ். அந்த அஞ்சு லட்சத்த ரெண்டு வருஷம் துண்டு துண்டா வாங்கினேன்.”

“நாங்க அப்படி இல்ல.”

“அவரும் படிச்சவருதான் மேடம். இதே தான் சொன்னாரு.”

தண்ணீர் மட்டும் குடித்தார். போன பிறகு எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் தண்ணீரும் குடித்திருக்க மாட்டேன்.

மார்ச் 7, சனி

புதிய எண்ணிலிருந்து போன். நாகராஜ், வீட்டு புரோக்கர். “மேடம், டென் லாக்ஸ் பார்ட்டி ரெடி. ஐ.டி. பையன், எதுவும் கேக்க மாட்டான். சார் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டாரே, அக்ரிமென்ட் எப்ப?”

ஸ்டீபன் குளித்துவிட்டு வந்தார். கேட்டேன். போன வாரமே வாங்கினாராம். இருபதாயிரம்.

“எங்க?”

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். தலையில் அவ்வளவு முடி இல்லை.

ரவியிடம். வாட்டர் வாஷ் மெஷினுக்கு அட்வான்ஸ். பத்து லட்சத்தில் ஏழு கடனுக்கு, மூன்று ரவி கடைக்கு.

“ஊர்ல எல்லாரும் பண்றாங்க ஹெலன். மூணு வருஷத்துல கடை நின்னுடும்.”

நான் அடுக்களைக்குப் போனேன். பருப்பைக் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன். என் கோபம் இந்த அளவுக்குத்தான் எப்போதும் வெளியே வரும்.

மார்ச் 8, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

பத்து லட்சம் வாங்கினால்: வங்கியிடம் கடன் இல்லை, ஒரு பையனிடம் பத்து லட்சம் கடன். அவன் கேள்வி கேட்காதவன் என்பதே அவனுடைய தகுதி.

நாகராஜை அழைத்து லீஸ் இல்லை, டோக்கன் நாளை திரும்ப வரும் என்றேன். “சார்கிட்ட பேசிக்கிறேன் மேடம்.” “வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்கு. என் கையெழுத்து கிடைக்காது.” சொல்லிவிட்டு வைத்தேன். புரோக்கரிடம் சொல்ல முடிகிறது.

நாற்காலிப் பணம் பதினெட்டாயிரமும் சில்லறையும். மேசைப் பணம் ஐந்தாயிரம். இருபதை ஒரு கவரில் போட்டு ஸ்டீபனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எதன் பணம் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தானாகவே சொன்னார்:

“அந்த ராஜா நாற்காலியையும் கொடுத்துடு.”

ஜோடி ஒன்பதாயிரத்துக்குப் போகும். நான் விற்க நினைத்தது சாமானை மட்டும்தான்.

மார்ச் 10, செவ்வாய்

வெயில் முப்பத்துநாலு. காவேரித் தண்ணீர் இல்லை.

ராஜா நாற்காலி போனது. ஏற்றியவர் தெருமுனை வரை சிங்கத் தலையைத் தடவிக்கொண்டே போனார்.

செல்வியை அழைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் பேசினோம். லீஸ் வேண்டாம், வாடகைக்கு வாருங்கள், ஏழு லட்சத்தை வங்கியில் போட்டால் வட்டியில் பாதி வாடகை வந்துவிடும், உங்களுக்கு ஆபத்தில்லை என்று விளக்கினேன். எனக்குத் தாமதமாகும், ஆனாலும் நியாயம் அதுதான் என்று தோன்றியது. பேப்பரில் எழுதியே காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

“கணக்கு கரெக்டுதான் மேடம். ஆனா பேங்க்ல கெடந்தா என் தம்பி சும்மா விடமாட்டான். ஆட்டோ வாங்கணும், கல்யாணம் பண்ணணும், உனுக்கு எதுக்கு துட்டும்பான். எங்கம்மாவும் அவன் பக்கம். லீஸுல போட்டுட்டேன்னு சொன்னா வாய மூடிக்குவான். வூட்டுக்குள்ள போன துட்ட யாரும் கேக்க மாட்டாங்க.”

“நீங்களே இல்லன்னு சொல்லலாமே.”

“நீங்க சொல்லிடுவீங்களா, உங்க வூட்டுல?”

டீ ஆறிவிட்டது. சரி, லீஸே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை என்னோடு வங்கிக்கு வாருங்கள், என்னை நம்ப வேண்டாம், அதிகாரியிடம் நீங்களே கேளுங்கள் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

அரை நாள் லீவு. வங்கியில் செல்வி என்னை முந்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கன்னடத்தில் ஆரம்பித்தார். அதிகாரி என்னைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்ல, “சார், நன் கடெ நோடி” என்று அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

கேட்டவை: பாக்கி எவ்வளவு? என்றைக்குக் கட்டினால் எவ்வளவு? இந்த மாதத் தவணை போய்விட்டதா? இந்த லோன் தவிர வேறு லோன் இந்த வீட்டின் மேல் உண்டா? டிராஃப்டை நேராக லோன் கணக்கின் பெயரில் எடுத்தால் வேறு எங்காவது போகுமா? கட்டிய பிறகு பத்திரம் எத்தனை நாளில்? ரசீதில் யார் பெயர்?

ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஐந்தாம் தேதித் தவணை போனதில் பாக்கி ஏழு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. பத்திரம் வேறு ஊர்க் கிடங்கிலிருந்து வர வேண்டும், முப்பது நாளுக்குள்.

வீட்டுக் கடன் எடுத்த இந்தப் பதினொரு வருடத்தில் இவற்றில் ஒரு கேள்வியைக்கூட நான் கேட்டதில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதோடு சரி.

வெளியே வந்ததும் செல்வி: “சரி அக்கா. எழுதலாம்.”

மேடம் எப்போது அக்காவானது என்று கவனித்துக்கொண்டேன். டிராஃப்ட் நேராக வங்கிக்கு. எங்கள் மாதப் பணம் 23,400க்கு என் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து ஒரு கணக்கு, இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம். “நீங்க எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது. என் தம்பி எங்க எடுக்கிறது” என்று அவருக்கு மிகவும் திருப்தி.

மார்ச் 16, திங்கள்

நான்கு பேர் உட்கார முடியாத ஒரு டைப்பிங் கடை. ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியாயிற்று. ஸ்டீபன் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். செல்வி டூட்டிச் சேலையில்.

வழக்கமான ஷரத்துகள். வெள்ளையடிப்பது, மின்கட்டணம், மாடியில் துணி உலர்த்துவது. டைப் செய்கிறவர் முடித்துவிட்டுப் படித்துக் காட்டினார். செல்வி, “இன்னொண்ணு எழுதுங்க சார்” என்றார்.

“நான் இந்த வூட்டுல இருக்கிற வரைக்கும், என் துட்டு திரும்பி வர்ற வரைக்கும், இந்த வூட்டு மேல எந்த பேங்க்லயும் எவன்கிட்டயும் புதுசா கடன் வாங்கக் கூடாது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.”

ஸ்டீபன் சிரித்துப் பார்த்தார்.

“எதுக்கும்மா இது? நாங்க என்ன ஓடியா போறோம்?”

“நீங்க ஓட வேணாம் சார். பேங்க்காரன் நடந்து வருவான். நான் பாத்துருக்கேன்.”

டைப் செய்கிறவர் எங்கள் இருவரையும் பார்த்தார். ஸ்டீபன் என்னை வெளியே கூப்பிட்டார். வாசலில் கரும்புச்சாறு வண்டிப் பக்கத்தில் நின்றோம்.

“நீ சொல்லிக் குடுத்தியா?”

“இல்ல.”

“உண்மையாவா?”

“உண்மையா.”

வண்டிச் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார். “ஊரு பேரு தெரியாத ஒருத்தி சொல்றா. இத்தன வருஷத்துல நீ ஒரு தடவ வேணாம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் ஹெலன்.”

கேட்டிருப்பாரா? இருக்கலாம். சோதித்துப் பார்க்க இனி வழியில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் என் பங்கும் இருக்கிறது. எட்டு வருடமாகப் பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“இப்ப சொல்றேன். வேணாம். ரவி கடை வேணாம். டாப்-அப் வேணாம். செல்வி எழுதினாலும் எழுதலன்னாலும் நான் இனிமே கையெழுத்து போடமாட்டேன்.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. சாறு பிழிகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஸ்டீபன் இந்த முறை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பேனாவைச் சட்டையிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே போனார். முதல் கையெழுத்து அவருடையது.

மார்ச் 18, புதன்

டிராஃப்ட் கட்டியாயிற்று. கடன் கணக்கில் பாக்கி: பூஜ்யம். அதிகாரி கை குலுக்கினார். மிஞ்சிய சில ஆயிரங்களை உடனே புதுக் கூட்டுக் கணக்கில் போட்டோம்.

மாலையில் மாடியைத் துடைத்தேன். மற்ற சாமானெல்லாம் கிடைத்த விலைக்குப் போயிருந்தது; மூலையில் தெர்மாகோல் எழுத்து மூட்டை மட்டும் விற்காமல். குப்பை வண்டிக்காரர், “இது ஈர குப்பையா, காஞ்ச குப்பையா?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போனார்.

ரவி அட்வான்ஸில் பன்னிரண்டாயிரம் திருப்பித் தந்தாராம். எட்டு போச்சு. எழுதி வைக்கிறேன், சொல்லிக்காட்ட மாட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பத்திரம் வந்தது. நினைத்ததைவிட மெல்லியது. போன வாரம் மாடிக்குக் குடிவந்த செல்வி, டூட்டி முடிந்து நேராக எங்களிடம் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எல்லாப் பக்கத்திலும் பதிவு அலுவலக முத்திரை, எங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். எண்ணினார். “பதினேழு பேப்பர் அக்கா” என்று என்னிடம் சொன்னார், நான் தொலைத்துவிடுவேன் என்பதுபோல.

நான் எண்ணியிருக்கவில்லை. மறுபடி எண்ணினேன். பதினேழு.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். காலை ஐந்து மணி ஆராதனைக்குக் கிளம்பி, ஸ்டீபன் ஸ்கூட்டரை வெளியே எடுக்கிறார். ஐந்தாம் தேதி. பதினொரு வருடமாக இந்தத் தேதியில் பணம் தானாகப் போகும், போன் ஒரு முறை அதிரும். இன்று அதிரவில்லை. விடுபட்டதுபோல இருந்தது. ஆபத்தாகவும் இருந்தது. இருபத்து மூவாயிரத்து நானூறு கணக்கில் அப்படியே இருக்கிறது, கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே, நாளைக்குப் போடலாம் என்று எனக்கே தோன்றியது. எனக்கே.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். செல்வி, காலை ஷிப்டுக்குத் தயாராக, சாப்பாட்டுப் பையோடு.

“ஹேப்பி ஈஸ்டர் அக்கா. போட்டாச்சா?”

இன்னும் இல்லை என்றேன். அவர் போகவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார். நான் கேட்டருகே நின்றபடியே போனில் போட்டுக் காண்பித்தேன். தொகையை ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

ஸ்டீபன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “இந்த பேங்க்குக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு இல்ல போல” என்றார்.

“லீவெல்லாம் கவர்மென்ட்காரங்களுக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே செல்வி கேட்டைத் தாண்டினார்.

முப்பது மாதத்தில் ஒன்று ஆயிற்று. இன்னும் இருபத்தொன்பது.